ஏழாம் எண் மீனுக்குப் போன மிச்ச மருந்து

தமயந்திக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. கொல்கத்தாவில், பெஹாலா வீட்டைப் பூட்டிவிட்டு பஸ் நிறுத்தம்வரை போவாள். கேஸை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து திரும்புவாள். அணைத்துத்தான் இருக்கும். கார்டன் ரீச் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். "உங்கப்பா ரயில்வேல வேலை பார்த்தார், நீ ரயிலாவே ஆயிட்டே" என்று கணவன் ராஜ்மோகன் கேலி செய்வான்.

நியூ டவுனின் அடுக்குமாடிகள் முடிந்து ஏரிகள் தொடங்குகிற இடத்தில் ஒரு மீன்குஞ்சுப் பண்ணை. அங்கே பதினோரு வருஷமாக மீன்களுக்கு ஊசி போடுகிறவள் அவள்தான். மூன்று கிலோ ரோகு மீனை ஈரத்துணியால் கண்ணை மூடிப் பிடித்து, அது துள்ளுவதற்குள் ஊசியை எடுத்துவிடுவாள். எந்நேரமும் எதையாவது நோண்டிக்கொண்டிருக்கும் அந்தக் கை அப்போது மட்டும் ஆடாது.

போன வருஷம் மே மாதம், தூத்துக்குடியில் மீன்வளம் படித்துவிட்டு வேலைக்கு வந்திருந்த முகுந்த் ஒரு சோதனை தொடங்கினான். பிறந்த மீன்குஞ்சுக்கு நோயை எதிர்க்கச் சொந்தச் சக்தி கிடையாது; அது வரச் சில வாரங்கள் ஆகும். அதுவரை, தாய் முட்டைக்குள் வைத்து அனுப்புவதுதான் அதற்குக் கட்டுச்சோறு. முட்டை விளையும்போதே தாய்க்குத் தடுப்பூசி போட்டால் அந்தக் கட்டுச்சோறு கனமாகுமா என்று பார்க்க வேண்டும். பத்துத் தாய் மீன்கள். முதல் ஐந்துக்கு மருந்து, மற்ற ஐந்துக்கு வெறும் உப்புநீர்.

"அதுங்களுக்கும் மருந்தே போட்டா என்ன சார்?"

"எல்லாத்துக்கும் போட்டா, பிழைச்சது மருந்தாலதான்னு எப்படிக்கா தெரியும்?"

நியாயமான பேச்சுதான். ஆனால் ஊசி போட்டு முடித்தபோது குப்பியில் ஒரு மீனுக்கான மருந்து மிச்சமிருந்தது. திறந்த குப்பியைக் கொட்டிவிட வேண்டும் என்பது விதி. தமயந்தியோ முந்தின நாள் ரசத்தைக்கூடக் கொட்டாதவள். எதிரே தொட்டியில், உப்புநீர் போட்டிருந்த ஏழாம் எண் மீன் கிடந்தது. முந்தைய மழைக்காலத்தில் அதன் குஞ்சுகள் வெள்ளை வெள்ளையாகச் செத்து மிதந்ததை வலையால் அள்ளிக் கொட்டியவள் அவள். முகுந்த் டீ குடிக்கப் போயிருந்தான். வீணாகத்தானே போகப்போகிறது என்று ஏழுக்குப் போட்டுவிட்டாள். அன்று மாலை, வழக்கம்போல எதையாவது சரிபார்க்கப் பஸ் நிறுத்தத்திலிருந்து பண்ணைக்கு அவள் திரும்பிப் போகவே இல்லை. மனசு அவ்வளவு நிறைந்திருந்தது.

ஜூலையில் பத்தும் முட்டையிட்டன. ஒவ்வொரு தாயின் குஞ்சுகளிலும் பாதியைத் தனியே எடுத்து, பத்தாம் நாள் அந்த நீரில் நோய்க்கிருமியைக் கலந்தார்கள். மருந்து போட்ட தாய்களின் குஞ்சுகள் பெரும்பாலும் பிழைத்தன. உப்புநீர்த் தாய்களின் குஞ்சுகள் செத்தன, ஏழைத் தவிர.

முகுந்த் சந்தோஷத்தில் குதித்தான். மருந்தே இல்லாமல் நோயை வென்ற மீன் என்று நினைத்துவிட்டான். கிருமி படாத அதன் மீதிக் குஞ்சுகளை கௌசிக்கின் குளத்தில் விட்டு வளர்க்க முடிவு செய்தான். கௌசிக் பக்கத்துக் குளத்துக்காரர். அதற்கு முந்தின வருஷம் இதே நோய் அவர் குளத்தைத் துடைத்துப் போட்டிருந்தது. முகுந்துக்கு வங்காளம் வராது. எப்போதும் தமயந்திதான் நடுவில் நின்று சொல்வாள். அன்றும், "இதுங்களுக்கு ரத்தத்துலயே பலம் இருக்கு, நோய் அண்டாதுன்னு சொல்லுங்கக்கா" என்றான். அவள் தன் வாயாலேயே அந்தப் பொய்யை வங்காளத்தில் சொன்னாள். கௌசிக் கைகூப்பினார்.

அன்றிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தாய் கொடுத்தது மூன்று வாரம் தாங்கினால் அதிகம். அதன்பின் குஞ்சு தன் காலில் நிற்க வேண்டும், அதுவும் நோய் ஊறிய குளத்தில். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த மனிதரின் குளம் இரண்டாம் தடவை போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவளுக்குச் சோறே இறங்கவில்லை. இரண்டு நாள் பஸ்ஸில் இறங்குமிடத்தைத் தாண்டிப் போய் நடந்து வந்தாள். "என்னடி ஆச்சு?" என்று ராஜ்மோகன் கேட்டான். "கேஸை அணைச்சேனான்னு யோசிக்கிறேன்" என்றாள். கேஸ் எரிந்துகொண்டிருந்தது, அவள் அதன் எதிரில்தான் நின்றாள்.

குஞ்சு பொரிந்த இருபதாம் நாள் கௌசிக்கின் வண்டி வந்தது. ஆக்ஸிஜன் அடைத்த பைகளில் குஞ்சுகளை ஏற்றத் தொடங்கினார்கள். நான்காவது பையை தமயந்தி பிடித்துக்கொண்டாள்.

"சார், ஏழுக்கு மருந்து போட்டேன். மிச்சம் இருந்துச்சு, கொட்ட மனசு வரலை."

முகுந்த் அவளைப் பார்த்தான். பிறகு பைகளைப் பார்த்தான். அவள் கையிலிருந்ததை வாங்கிக் கீழே வைத்தான்.

"என்ன தீதி?" என்றார் கௌசிக்; அவருக்கும் அவள் அக்காதான். அதையும் அவளேதான் சொல்ல வேண்டியிருந்தது. நோய் அண்டாது என்று சொன்ன அதே வாயால், அண்டும் என்று சொன்னாள். தன் தப்பு என்றும் சொன்னாள். அவர் ஏற்றியிருந்த மூன்று பைகளையும் இறக்கிவைத்தார். "இதுங்களுக்காகக் குளத்தை வத்தவெச்சு, புதுத் தண்ணி விட்டுக் காத்திருந்தேன்" என்று சொல்லிவிட்டுக் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். அவர் திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

முகுந்த் நோட்டில் ஏழாம் வரியை அடித்தான். சோதனையை அடுத்த மே மாதம் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. அவள் கை போல இன்னொரு கை அந்தப் பண்ணையில் இல்லை.

இந்த மே மாதம் பத்துச் சிறு குப்பிகள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு மீனுக்கு மட்டும். எல்லாம் ஒரே நிறம், மேலே எண் மட்டும். மிச்சம் என்ற பேச்சே இல்லை. அவள் ஒவ்வொன்றாகப் போட்டாள். ஏழு வந்தபோதும் கை ஆடவில்லை.

மாலையில் பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பி வந்தாள். முகுந்த் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"ஏழுக்கு எது சார்? மருந்தா, உப்புநீரா?"

"எனக்கும் தெரியாதுக்கா. ஆபீஸ்ல இருக்கிற கல்பனாகிட்ட குப்பிகளைக் கலைச்சு எண் ஒட்டச் சொல்லிட்டேன்."

"நீங்க ஏன் பார்க்கலை?"

"தெரிஞ்சிருந்தா, நீங்க இப்படி வந்து நின்னதும் சொல்லியிருப்பேன்."

அவள் தலையாட்டிவிட்டு நடந்தாள். ஜூலைக்கு இன்னும் எட்டு வாரம் இருந்தது.