எர்த் போல்ட்டில் வைத்த பொட்டு

கறுப்பு பெயின்ட்டும் அரைத்த சந்தனமும் கலந்த ஒரு வாசனை... ஆயுத பூஜை வந்தால் எங்கள் கடை முழுக்க அதுதான். பதினைந்து வருடம் இருக்கும். பெருமாநல்லூர் ரோட்டில் நான் ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை போட்ட புதிது.

பூஜைக்கு நாலு நாள் முன்னாலேயே பனியன் கம்பெனி வேன்கள் வரிசை கட்டி நிற்கும். டிரைவர்கள் பம்ப் வைத்து எஞ்சின் வரைக்கும் கழுவுவார்கள். நாங்கள் அடிச்சட்டமான சேஸிஸில் துருவைச் சுரண்டிக் கறுப்பு அடிப்போம். அப்புறம் பார்க்கிற இடமெல்லாம் பொட்டு. கரன்ட் பார்க்கிற மல்ட்டிமீட்டருக்குக்கூட உண்டு.

அந்த வருடம் பூஜை முடிந்த மூன்றாம் நாள், தையல் ஆட்களை ஏற்றி வந்த ஒரு வேன் குன்னத்தூர் ரோட்டில் நின்றுவிட்டது. என் கடைக்குக் கட்டி இழுத்து வந்தார்கள். செல்ஃப் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. கோளாறு படிக்கிற ஸ்கேனரை மாட்டினால் ஈசிஎம் பதிலே பேசவில்லை. ஈசிஎம் என்பது எஞ்சினுக்கு மூளை மாதிரி ஒரு பெட்டி.

மீட்டரை எடுத்தேன். பெட்டிக்குப் போகும் கரன்ட் பன்னிரண்டரை வோல்ட், சரி. அந்தக் கரன்ட் சேஸிஸுக்குத் திரும்புகிற எர்த் வயரில் வைத்தேன், தொடுப்பு இருக்கிறது என்று பீப் அடித்தது. அதுவும் சரி. அப்படியென்றால் பெட்டிதான் போச்சு! கழுவும்போது தண்ணீர் இறங்கியிருக்கும் என்று பனியன் கம்பெனி முதலாளிக்குப் போனிலேயே தீர்ப்பும் சொல்லிவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு மீட்டர் கையில் இருந்தால் கொஞ்சம் தலைக்கனம்.

முதலாளி கொதித்துப் போனார். "கழுவச் சொன்னா குளிப்பாட்டிப் போட்டானுங்க. அந்த டிரைவரை நாளைக்கே ஊருக்குக் கிளம்பிக்கச் சொல்லிருங்க" என்றார்.

டிரைவர் மாரியப்பன் என் பக்கத்தில்தான் நின்றிருந்தார். சங்கரன்கோவில் பக்கத்துக்காரர், என் வயதுதான். அந்த வருடம்தான் குடும்பத்தைக் கூட்டி வந்து, இரண்டு பிள்ளைகளையும் இங்கே பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டிக்குக் கவர் கட்டித்தான் தண்ணி அடிச்சேன்" என்றார். காலையிலிருந்து மூன்றாவது தடவை. நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவர் சீட்டுக்கு அடியிலிருந்து அந்தக் கவரை எடுத்து நீட்டினார். டி-ஷர்ட் பேக்கிங் செய்யும் பாலித்தீன் கவர். வாயில் கட்டிய நூல்கூட அப்படியே இருந்தது.

அந்த நூலைப் பார்த்ததும் என் தீர்ப்பில் எனக்கே சந்தேகம் வந்தது.

பெட்டியின் கனெக்டரைக் கழற்றினேன். பின்கள் பளபளவென்று இருந்தன. ஈரமில்லை, பச்சைக் களிம்பு பிடிக்கவில்லை. சரி, மீட்டரை நம்பாமல் பார்ப்போம் என்று ஒரு பழைய ஹெட்லைட் பல்பை எடுத்தேன். ஒரு முனை பேட்டரி பிளஸ்ஸில், மறுமுனை பெட்டியின் எர்த் வயரில். பளீரென்று எரிய வேண்டிய பல்பு பீடிக் கங்கு மாதிரி சிவந்து நின்றது.

பீப் அடிக்க ஒரு பொட்டுத் தொடுப்புப் போதும். சுமை ஏறினால்தானே எர்த்தின் வண்டவாளம் தெரியும்!

வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். சேஸிஸில் ஒரு போல்ட். கழற்றினால் அடியில் வழவழவென்று கறுப்பு பெயின்ட். நான் அடித்தது. பெயின்ட் கரன்டை விடாது; போல்ட் மரையில் பட்ட கொஞ்ச இரும்பை வைத்தே இத்தனை நாள் ஓடியிருக்கிறது. காய்ந்ததும் அதன்மேலேயே வயரை வைத்து முடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்ததும் நான்தான். என் விரல் ரேகை அந்தப் பொட்டில் அப்படியே இருந்தது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்.

உப்புத்தாள் வைத்துத் தேய்த்து முடுக்கினேன். ஒரே செல்ஃபில் வண்டி பிடித்தது.

மாரியப்பன் அப்போது டீ வாங்கப் போயிருந்தார். 'ஈரம் காஞ்சிருச்சு, ஓடுது' என்று சொல்லியிருந்தால் யாருக்குத் தெரியும்? அப்படிச் சொல்லிவிடலாமா என்று நினைத்ததும் உண்மை. புதுக் கடை, பேர் போய்விடுமே என்ற பயம். ஆனால் அந்தக் கவர் பானட் மேல் கிடந்தது.

முதலாளிக்குப் போன் போட்டேன். "தப்பு என்னுதுங்க. அவர் மேல ஒண்ணுமில்லீங்க."

வண்டியை உடனே அனுப்பச் சொன்னார். அப்புறம், "அதை அந்த மனுசன்கிட்டயும் சொல்லிருங்க" என்றார்.

சொன்னேன். டீயோடு வந்த மாரியப்பன் திட்டவில்லை. டீ டம்ளரைக் கையில் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பி முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

இப்போது கடை பெரிதாகிவிட்டது. டேப்லெட் ஸ்கேனர் பக்கம் பக்கமாகப் பேசுகிறது. பீகார் பசங்கள் பூஜைக்கு எல்லாவற்றுக்கும் அழகாகப் பொட்டு வைக்கிறார்கள், எர்த் போல்ட்டைத் தவிர. அந்தப் பழைய பல்பு இன்னும் ஆணியில் தொங்குகிறது. எந்தப் பெட்டிக்கும் அதை எரியவிட்டுப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்வதில்லை.

மாரியப்பன் ஊருக்கே திரும்பி ஸ்கூல் பஸ் ஓட்டுகிறார். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் போன் வரும். வாழ்த்தெல்லாம் கிடையாது. "அண்ணே, பெயின்ட்டைச் சுரண்டிட்டியளா?" அவ்வளவுதான். சிரித்துக்கொண்டே வைத்துவிடுவார்.

இந்த வருடம் மதியம் வரை போன் வரவில்லை... மனசு கேட்கவில்லை. நானே போட்டேன். எடுத்தார்.

"சுரண்டிட்டேனுங்க மாரியப்பன்" என்றேன்.