பெட்டியிலிருந்து நான்கு அடி

ராயபுரத்தில் எங்கள் தெருவை யார் தோண்டினாலும் நான் எழுதி வைத்துவிடுவேன். கிழமை, தேதி, பள்ளத்தின் ஆழம், எதிலிருந்து எத்தனை அடி. துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு வந்த பழக்கம். கோயில் புத்தகத்தில் ஞானஸ்நானம் எழுதுவதைப் போல எழுதுகிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

சாம்பல் புதனுக்கு மறுநாள் காலை ஆறரை மணிக்கு, சாலையைச் சுரண்டும் இயந்திரம் தெருமுனையில் வந்து நின்றது. சுரண்டிய பழைய தாரை வள்ளூர்ப் பக்கத்து ஆலைக்குக் கொண்டுபோய், பழைய டயர்ப் பொடி கலந்த புதுத் தாரோடு சேர்த்து, திரும்ப இங்கேயே போடப்போவதாக மேற்பார்வையாளர் சொன்னார். பழைய தார் நிறைய வேண்டுமாம். அதனால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆழம் சுரண்டுவார்களாம். எங்கள் வீட்டெதிரே தெருவின் குறுக்கே போகும் மின்சாரக் கேபிள் அந்த ஆழத்தில்தான் இருக்கிறது. புதைத்த அன்று நானே அளந்திருந்தேன்.

மேற்பார்வையாளரின் வரைபடத்தில் அங்கே கேபிளே இல்லை. என் பேச்சைக் கேட்டவர் ஒருவர்தான். இயந்திரத்தை ஒட்டியே நடந்து, சுரண்டிய பள்ளத்தில் இரும்புக் கம்பியைக் குத்தி ஆழம் பார்க்கிற வியாசர்பாடிக்காரர்.

“எங்க கீதுன்னு கோடு போடு நைனா,” என்று சாக்பீஸை நீட்டினார்.

நோட்டைப் பார்த்தேன். தெருவோர மின்பெட்டியிலிருந்து கிழக்கே நான்கு அடி. அளந்து கோடு போட்டேன். இயந்திரத்தை அங்கே நிறுத்தி, கையாலேயே மெல்லத் தோண்டினார்கள். வெறும் மண். நோட்டை எலி தின்றுவிட்டதா என்று ஓட்டுநர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். இயந்திரம் மறுபடி கிழக்கே நகர்ந்தது.

வாசலில் நின்றபடி அடுத்த நோட்டைப் புரட்டினேன். கேபிள் புதைத்த பிறகு, மழைநீர் வடிகால் கட்டிய வருடத்து நோட்டு. என் கையெழுத்திலேயே இருந்தது: செவ்வாய்க்கிழமை, மின்பெட்டி மேற்கே ஆறு அடி நகர்த்தப்பட்டது.

அப்படியானால் கேபிள், நான் போட்ட கோட்டுக்குக் கிழக்கே ஆறு அடியில். இயந்திரம் அதில் பாதியைத் தாண்டியிருந்தது. கத்தினேன், அந்த இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இரண்டு மூச்சு நேரம் கால் எழவில்லை. கம்பியால் கேபிளைக் குத்தி அந்த மனிதர் செத்துவிடுவாரே என்ற பயம். மறுபடியும் சிரிப்பார்களே என்ற பயமும் அதில் ஒரு பங்கு இருந்தது. அதை எழுதாமல் விடுவது சரியில்லை. பிறகு ஓடிப்போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றேன்.

இரைச்சல் அடங்கியது. வியாசர்பாடிக்காரர் கம்பியை ஓங்கியிருந்தார்.

“குத்தாதப்பா. கோடு தப்பு. பெட்டிய நகத்தின குறிப்ப நான் பாக்கல.”

“இன்னா நைனா, மறுபடியுமா?” என்றார். ஆனால் குத்தவில்லை. குனிந்து பார்த்தார். கருந்தூளுக்கு நடுவே செங்கல் உடைந்து சிவப்பாகத் தெரிந்தது. கேபிளின் மேல் அடுக்குகிற செங்கல். கம்பியைச் சத்தமில்லாமல் தள்ளி வைத்துவிட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தார்.

மின்சாரத்தை நிறுத்த ஒரு மணி நேரமாயிற்று. செங்கல்லை எடுத்தபோது கேபிளின் மேல்தோலில் இயந்திரத்தின் பல் பட்ட கீறல் இருந்தது. அதைப் பார்த்துவிட்டு வியாசர்பாடிக்காரர் என் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“இந்நேரம் என்னத்தான் நோட்டுல எழுதிகினு இருந்திருப்ப நைனா,” என்றார், சிரிக்க முயன்றபடி.

பத்து நாளில் எங்கள் பழைய தார், புதுக் கலவையில் கலந்து அதே தெருவுக்கு வந்து சேர்ந்தது. இப்போதெல்லாம் வீட்டுச் சுவரிலிருந்துதான் அளக்கிறேன். பெட்டியை வைத்து அளந்த பழைய குறிப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்க்கத் துணிவில்லை; ஒவ்வொன்றாகத் திருத்தி வருகிறேன்.

நேற்று அடுத்த தெருவுக்கு அதே இயந்திரம் வந்தது. அதே மனிதர் சாக்பீஸை நீட்டினார். கோடு போட்டேன். மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்று போன் வரும்வரை, கோட்டுக்கு வெகு முன்னாலேயே, இயந்திரத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன்.