மேகலை அக்காவின் கால்கள்

எங்கள் ஜவுளிக்கடையில் உட்கார ஸ்டூல் இல்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது. நின்று வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தரவேண்டும் என்று சட்டம் வந்ததும் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒன்று வாங்கிப் போட்டார்கள். பட்டுப் பிரிவு ஸ்டூலில் பிரித்துப்போட்ட புடவைகள் உட்கார்ந்திருக்கும். என்னுடைய ரவிக்கைத் துணிப் பிரிவில் வாடிக்கையாளர்களின் கைப்பைகள். நாங்கள் நிற்போம். லிஃப்ட்டும் உண்டு, அது வாடிக்கையாளர்களுக்கு. எங்களுக்குப் படிக்கட்டு.

மணிமேகலை அக்கா மூன்றாவது மாடியில் பட்டு விற்பவர். எங்கள் இருவருக்கும் திருவானைக்காவலில் ஒரே தெரு. காலையில் ஒரே பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, தெப்பக்குளம் பக்கத்தில் இருக்கும் கடைக்கு நடப்போம். அப்போதெல்லாம் அவர் நடைக்கு ஈடுகொடுக்க நான் ஓடவேண்டும். கல்யாண வீட்டுக்காரர்கள் கும்பலாக வந்தாலும் சலிக்காமல் ஒவ்வொரு புடவையாகத் தன் தோளில் போட்டுக் காட்டுவார். “லிசி, பார்ட்டி கீழ வருது. மூஞ்சிய உம்முன்னு வச்சிருக்காத” என்று மேலிருந்து ஃபோன் செய்து என்னைச் சீண்டுவார்.

போன வருஷம் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகும் உடம்பு பழைய நிலைக்கு வரவே இல்லை. தொடை, தோள், முட்டி, விரல் மூட்டு என்று வலி இடம் மாறிக்கொண்டே இருந்தது. புடவையைப் பிரித்து உதற விரல் மடங்காது. வளையல் உரசினாலே வலிக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார். இரவு முழுக்கத் தூங்கினாலும் எழும்போது அடித்துப்போட்டது மாதிரி இருக்கிறது என்பார். எக்ஸ்ரே நார்மல், ரத்தம் நார்மல். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். நார்மலான ஒரு பெண் தலை சீவிக்கொள்ள ஏன் அழவேண்டும்? வாக்கிங் போங்கள் என்றார் ஒரு டாக்டர். நாள் முழுக்க நிற்கிறவளுக்கு வாக்கிங்!

கடைசியில் தில்லை நகரில் ஒரு லேடி டாக்டர்தான் பொறுமையாகக் கேட்டு, ‘குரோனிக் ஃபெட்டீக் சிண்ட்ரோம்’, தீராத சோர்வு நோய் என்று பெயர் சொன்னார். “இதுல சக்திக்கு மீறி எதையும் செய்யக் கூடாதும்மா. செய்யும்போது ஒண்ணும் தெரியாது. ஒரு நாளோ ரெண்டு நாளோ கழிச்சுத்தான் அது உங்களைப் படுக்கப் போடும்” என்றாராம். உட்கார்ந்து செய்யும் வேலை வேண்டும் என்று எழுதியும் கொடுத்தார்.

அந்தச் சீட்டோடு அக்காவும் நானும் மேனேஜர் சிவராமன் சாரிடம் கெஞ்சினோம். கீழ்த்தளத்தில், பில் போட்ட துணிகளைப் பையில் போட்டுக் கொடுக்கும் டெலிவரி கவுண்டரில் ஒரு நாற்காலி உண்டு. பல நாள் இழுத்தடித்து, ஒன்றாம் தேதியிலிருந்து அங்கே உட்காரலாம் என்று சம்மதித்தார். அந்த நாற்காலி கிடைத்தால் அக்கா வேலையில் இருக்கலாம். கிடைக்காவிட்டால் வீட்டில்தான்.

செய்தி கேட்டதும் அக்காவின் கணவர் சண்முகசுந்தரம் அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், தங்கமான மனிதர். அந்தத் தங்கம் செய்த காரியத்தைத்தான் சொல்லப்போகிறேன். உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்தால் மேகலையை மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையாருக்குப் படியேற்றிக் கூட்டிவருகிறேன் என்று முன்பே யாரிடமும் சொல்லாமல் வேண்டிக்கொண்டிருந்தாராம்.

“ஏங்க, என்னால முடியாதுங்க” என்று அக்கா சொல்லிப் பார்த்திருக்கிறார்.

“மெதுவா ஏறலாம் மேகலை. வேண்டுதலைத் தள்ளிப் போடக் கூடாது.”

அந்த வாரம் உடம்பு கொஞ்சம் தேவலை. புருஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பாவம், அக்கா ஏறிவிட்டார். உச்சியில் காற்றில் முடி பறக்க, பின்னால் காவிரி தெரிய, சிரித்தபடி நிற்கும் அவரை அண்ணன் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தார். அக்காவுக்கு லீவு சொல்ல அவர்தான் எப்போதும் மேனேஜருக்கு ஃபோன் செய்வார். அதனால் மேனேஜரிடம் அவர் நம்பர் இருந்தது.

மறுநாள் அக்கா நன்றாகத்தான் இருந்தார். அதற்கடுத்த நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, அப்படியும் பிடிக்க முடியாமல் கீழே வைத்தார். போர்வை பட்டால்கூட முட்டியில் வலி. அந்தக் கோலத்தை யாரும் படம் எடுக்கவில்லை.

கடையில் சிவராமன் சார் என்னைக் கூப்பிட்டார். “மலைக்கோட்டை உச்சிக்கு ஏறுறவங்களுக்கு உட்கார்ற வேலையா? நாளைக்கு மத்த பொண்ணுங்க வந்து என்னைக் கேப்பாங்க. சனிக்கிழமை நேர்ல வந்து பேசச் சொல்லு. இல்லன்னா வேலைய விட்டுட்டாங்கன்னு எழுதிக்கிறேன்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வந்தால் இன்னும் மோசமாகும் என்று எவ்வளவோ சொன்னேன். அவர் கணக்குப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

சனிக்கிழமை ஆட்டோ வந்து கடை வாசலில் நின்றது. அக்கா பின் சீட்டில் சாய்ந்து கிடந்தார். காலைத் தரையில் ஊன்றப் பார்த்தார், முடியவில்லை. நான் இரண்டாவது மாடியில் இருக்கும் ஆபீஸ் ரூமுக்கு ஓடி, கீழே வந்து ஒரு தடவை பாருங்கள் என்று மேனேஜரைக் கூப்பிட்டேன். அவர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

“இவ்வளவு தூரம் வர முடிஞ்சிருக்குல்ல? மேல வரச் சொல்லு.”

அதை அப்படியே கீழே வந்து சொன்னேன். அண்ணன் அழுதுவிட்டார். அங்கிருந்தே மலைக்கோட்டையைப் பார்த்துக் கையைத் தூக்கினார். “பிள்ளையாரப்பா, இவ குணமாயிட்டா மறுபடியும் கூட்டிட்டு வந்து...”

“நிறுத்துங்க!” அக்கா கத்தி நான் கேட்டதே இல்லை. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். “வேண்டிக்கணும்னா உங்க கால வச்சு வேண்டிக்குங்க. என் கால வச்சு வேண்டிக்காதீங்க.”

அண்ணன் தூக்கிய கையை இறக்கிக்கொண்டார். அக்கா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு என்னைப் பார்த்தார். “லிசி, மேல என் டிபன் டப்பா, குடை, ஒரு யூனிஃபார்ம் புடவை எல்லாம் இருக்கு. எடுத்துட்டு வந்துடு.”

மூன்றாவது மாடியில் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இறங்கும்போது, படியில் சிவராமன் சார் நின்றிருந்தார். பையைப் பார்த்தார்.

“ஏன், அவங்களே ஏறி வந்து எடுத்துக்கக் கூடாதா?”

“ஏறி வந்தா நல்லாத்தானே இருக்கீங்கன்னு சொல்லுவீங்க. வரலன்னா வேலைய விட்டுட்டாங்கன்னு எழுதுவீங்க. எப்படி வந்தா நம்புவீங்கன்னு மட்டும் சொல்லுங்க சார். அப்படியே கூட்டிட்டு வரேன்.”

அவர் ஒதுங்கி வழி விட்டார். நான் பையோடு கீழே இறங்கினேன்.