கட்டிங் மேஜையில் ஒரு கண்ணன்

போன ஐப்பசியில், அவிநாசியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில் நடந்தது இது. என் மனைவி சீதனமாகக் கொண்டுவந்த வெண்ணெய்க் கண்ணன் ஓவியத்தை அங்கே ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கப் புறப்பட்டிருந்தோம். மருமகள் கார் ஓட்டினாள். நான் பின்சீட்டில் ஓவியத்தைப் பிடித்தபடி வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வந்தேன்.

அது கண்ணாடியின் பின்புறம் வரைந்து, முன்புறமிருந்து பார்க்கும் ஓவியம். பின்பலகையைக் கரையான் தின்றுவிட்டது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் வர்ணம் கரைந்துவிடும் என்று அருங்காட்சியகத்தில் எச்சரித்திருந்தார்கள். எனக்கு முந்தின இரவே தூக்கமில்லை.

அவிநாசிபாளையம் தாண்டி, பதினான்காவது வேகத்தடையில் 'டக்' என்று ஒரு சத்தம். ஓவியத்தோடு இறங்கி, சுற்றியிருந்த போர்வையை விலக்கிப் பார்த்தேன். சட்டத்தின் மூலை பிரிந்து கண்ணாடி நழுவிக்கொண்டிருந்தது. நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது.

"மாமா, கார்ல ஏறுங்க!"

"குனிஞ்சா விழுந்துரும், எப்படி ஏறறது?"

மருமகள் துப்பட்டாவை என் தலைக்குமேல் விரித்துப் பிடித்தாள். எதிரே ஒரு பனியன் கம்பெனி. அதன் முதலாளியம்மா வாசலுக்கே ஓடிவந்தார்.

"ஏனுங்க ஐயா, மழைக்குள்ள என்னத்தக் கட்டிப் புடிச்சுட்டு நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

உள்ளே கட்டிங் மேஜையில் துணி அடுக்கடுக்காக விரித்திருந்தது. அன்று மாலையே லாரியில் ஏற்ற வேண்டிய சரக்காம். அந்த அம்மா யோசிக்கவே இல்லை. மெஷினை நிறுத்தி, துணியை ஒதுக்கச் சொன்னார்.

"லாரி நிக்குமுங்க. சாமி நனைஞ்சா திரும்ப வருமுங்களா?"

கண்ணாடியை மெல்லக் கிடத்தினோம். ஒரு சொட்டும் படவில்லை! துணி வெட்டும் மாஸ்டர் சட்டத்தைத் திருகாணி போட்டு இறுக்கினார். பின்புறம் கெட்டி அட்டை வைத்து மூடும் முன், அந்த அம்மா தயங்கிக் கேட்டார்:

"ஒருக்கா எல்லாரும் பாத்துக்கட்டுங்களா?"

இத்தனை கைகளா என்று சட்டத்தின்மேல் கை வைத்துக்கொண்டேன். மருமகள் காதருகே, "கொடுக்கறதே எல்லாரும் பாக்கத்தானுங்க மாமா" என்றாள். சரியென்றேன்.

இருவர் ஓவியத்தை நிமிர்த்திப் பிடிக்க, மற்றவர்கள் கூடினார்கள். பாதிப் பேர் பின்பக்கம் நின்றுவிட்டார்கள்.

"வெறும் திட்டுத் திட்டா இருக்கு, மூஞ்சியே இல்லையே!" என்றாள் ஒரு திருநெல்வேலிப் பெண்.

"எட்டி, இந்தப் பக்கம் வந்து பாருட்டி!" என்று முன்பக்கம் நின்ற அவள் ஊர்க்காரி கூப்பிட்டாள்.

சுற்றி வந்தவள் வாயில் கை வைத்தாள். "யம்மா, வெண்ணெ மின்னுதுட்டி!"

வடநாட்டுப் பையன் ஒருவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டான். யாரோ கைதட்டினார்கள். நானும் தட்டினேன்!

பனியன் துணியை மெத்தைபோல் மடித்துச் சுற்றி, ஏற்றுமதிப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள். ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

இப்போது கண்ணன் விளக்கொளியில், கயிற்றுத் தடுப்புக்குப் பின்னால் இருக்கிறான். போகும்போதெல்லாம் எதிரே வந்து நிற்பவர்களை எண்ணுகிறேன்; முதலில் பார்த்தவர்கள் அந்த மேஜையருகே நின்ற பதினெட்டுப் பேர் என்பதால், எண்ணிக்கையை எப்போதும் பத்தொன்பதிலிருந்தே தொடங்குகிறேன்.