அந்தப் படத்தில் ஒரு ஓட்டை

பொன்னேரியில் பல் பிடுங்கப் போனபோது டாக்டரம்மா என் வாய்க்குள் விளக்கைக் காட்டிவிட்டு, "இன்னாம்மா இது, ரெண்டு பல்லு மட்டும் இப்படித் தேஞ்சிருக்குது?" என்று கேட்டார். பறிக்கயிறு என்றேன். அவருக்குப் புரியவில்லை. பழவேற்காட்டு ஏரியில் கையால் இறால் பிடிக்கிறவர்களுக்கு இரண்டு கையும் தண்ணீருக்கடியில் சேற்றைத் துழாவிக்கொண்டிருக்கும். பிடித்ததைப் போடுகிற ஓலைக்கூடைதான் பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டே நகரவேண்டும். அதனால் தண்ணீரில் இருக்கிற மூன்று நான்கு மணி நேரமும் ஒரு வார்த்தை பேச முடியாது. இந்தத் தொழில் மட்டும் இல்லாவிட்டால் தன் அக்கா வாயை மூட வேறு வழியே கிடையாது என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிட்டேன். நாத்தனார் என்ற சொல்லுக்கே ஊர் உலகத்தில் நல்ல பெயர் கிடையாது. ஆனால் திருப்பாலைவனத்தில் வயல்காட்டுப் பெண்ணாக வளர்ந்து இங்கே வாழ்க்கைப்பட்ட எனக்கு, வந்த நாளிலிருந்து ஒத்துப்போனவர் அவர் ஒருத்தர்தான். நாங்கள் ஒத்துப்போனது சண்டையில். தினமும் மதியம் டிவியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் போடுவார்கள். கொலை, மர்மம், துப்பறிவது என்றால் அண்ணி சோற்றுத் தட்டோடு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவருடைய வீட்டுக்காரர் எளாவூர்ப் பக்கம் வேலை, வாரத்துக்கு ஒருநாள்தான் வருவார். பிள்ளைகளும் இல்லை. அண்ணி வீட்டில் டிவி முன்னால் நாங்கள் இரண்டு பேர்தான்.

அண்ணிக்குக் கொலைகாரன் யார் என்பதில் அக்கறையே கிடையாது. படத்தில் எங்கே ஓட்டை என்பதுதான் வேண்டும். ஒருத்தன் ஆற்றை நீந்திக் கடந்து வந்து பங்களாவுக்குள் குதிக்கிறான். அடுத்த காட்சியில் மடியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து மெழுகுவத்தி கொளுத்துகிறான். "நனையாத தீப்பெட்டி எந்தக் கடையில விக்குதுமே? எனக்கு ரெண்டு வாங்கியா" என்றார். நான் விடுவேனா? அந்த மெழுகுவத்திக்குப் பக்கத்திலேயே ஒரு தீப்பெட்டி இருந்திருக்கும், அவர்கள் காட்டவில்லை என்றேன். ஓட்டை கண்டுபிடிப்பது அவர் வேலை, அடைப்பது என் வேலை. அன்றைக்குத் தீராவிட்டால் மறுநாள் காலையில் ஏரிக்கரையில் தொடரும். பாதிப் பேச்சில் கயிற்றைக் கடித்துக்கொண்டு இறங்கிவிடுவார். கரையேறியதும் கயிற்றைத் துப்பிவிட்டு, "அப்போ அவன் மடியில கை வுட்டானே, அது எதுக்கு?" என்பார். அத்தனை நேரமும் தண்ணீருக்குள் அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். நானும்தான் பதில் யோசித்துக்கொண்டிருப்பேன்.

நான் வந்த நாலாவது வருடம் அந்தப் படத்தைப் போட்டார்கள். ஒருவன் இரண்டு ஊரில் இரண்டு பெயரோடு இரண்டு குடும்பம் நடத்துகிறான். அது வெளியே வராமலிருக்க ஒரு கொலை. கடைசியில் போலீஸ் வருகிறபோது, பத்து வருடம் கூட வாழ்ந்த மூத்த மனைவி எனக்கு எதுவுமே தெரியாது என்று அழுகிறாள். படம் முடிந்ததும் அண்ணி வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு ஓட்டையை நானே பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே குஷி.

"பத்து வருசம் சோறு போட்டவளுக்குத் தெரியாதா அண்ணி? ஊரத்தனை ஓட்ட!"

"தெரியாம இருக்கலாம்மே" என்றார். ஒரு படத்துக்கு அவர் பரிந்து பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

"அப்போ அவ மக்கு. மக்கா இருந்தாத்தான் தெரியாது" என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். மறுநாள் கரையிலும் அதையே சொல்லிச் சீண்டினேன். அண்ணி கயிற்றைக் கடித்துக்கொண்டு இறங்கினார். ஏறிவந்ததும் இறாலைக் கொட்டினார், புடவையைப் பிழிந்தார், வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. "அத ஏன் அவகிட்ட போய் பேசின? மாமாவுக்கு எளாவூர்ல இன்னொரு குடும்பம் கீது. ஊருக்கே தெரியும். அவ காதுக்குப் போகாம நாங்க எல்லாரும் பொத்திப் பொத்தி வெச்சிக்கினு இருக்கோம்."

எனக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது. மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை. எதற்கு மன்னிப்பு என்று அண்ணி கேட்டால் விஷயத்தை நானே உடைத்ததாகிவிடும். மதியத்தில் அவர் வீட்டுக் கதவு சாத்தியே இருந்தது. உள்ளே டிவி சத்தம் கேட்கும். தட்டுவதற்குக் கை வராமல் திரும்பிவிடுவேன். ஏரியிலும் அவர் தள்ளிப்போய் இறங்கினார். மூன்று மாதம் அப்படியே போனது. கல்யாணமாகி வந்த முதல் வாரத்தில்கூட அந்த ஊர் எனக்கு அத்தனை அந்நியமாக இருந்ததில்லை.

பிறகு ஒருநாள் காலையில், நான் கயிற்றைப் பல்லில் வைத்து இடுப்பளவுத் தண்ணீருக்கு வந்திருந்தபோது, அண்ணி பக்கத்தில் வந்து நின்றார். தன் கயிற்றை வாயிலிருந்து எடுத்தார்.

"நீ சொன்னது சரிதான்மே, அந்தப் படத்துல ஓட்டதான். அவளுக்கு மொதல்லேர்ந்தே தெரியும். தெரியும்னு வாயத் தொறந்தா அன்னிக்கே ஒரு முடிவு எடுக்கணும் இல்ல? வீட்ட வுட்டு எறங்கி எங்க போவா? அதான் தெரியாதுன்னு சொல்லிட்டா. படம் எடுத்தவனுக்கு அது புரியல." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ இத யார்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் கயிற்றைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டார்.

அதற்குப் பிறகு பேசினோம். இறால் விலை, தலைவலி மாத்திரை, யார் வீட்டில் கல்யாணம் என்றெல்லாம் பேசினோம். படத்தைப் பற்றி மட்டும் பேசவேயில்லை. நானும் ஆரம்பிக்கவில்லை, அவரும் ஆரம்பிக்கவில்லை. போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காய்ச்சலில் அண்ணி போய்விட்டார். இப்போதும் அதே நேரத்துக்குப் பழைய படம் போடுகிறார்கள். ஓட்டைகள் எனக்கும் பட்டுப்பட்டென்று கண்ணில் படுகின்றன. என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "படம்தானே, வுடு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார்.

காரியத்தன்று எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர்தான் முதலில் சொன்னார். "அக்கா குடுத்து வெச்சவ. கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாமலே போய்ட்டா." பக்கத்தில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். எதிரே அண்ணியின் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவர் இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன்.