தொட்டிக்கு உள்பக்கம்

தையல்காரம்மாவுக்கு இந்தக் காலத்தில் எதுவுமே பிடிக்காது. அதிலும் சாமியார் நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டுப் பாவசங்கீர்த்தனம் கேட்பதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். "மூஞ்சியப் பாத்துப் பாவத்தச் சொல்றதுக்கு இதென்ன டாக்டர் ரூமா?" என்பாள். அந்தக் காலத்துக் கூண்டுமாதிரி மரத்தொட்டியில் சாமியார் உள்ளே, நாம் வெளியே, நடுவில் துளைபோட்ட பலகை. யார் எவர் என்று சர்வேசுரனுக்கு மட்டும்தான் தெரியும். அவளுடைய நச்சரிப்புத் தாங்காமல், கிடங்கில் கிடந்த தொட்டியைச் சின்ன சாமியார் மாதா கோவிலுக்குள் கொண்டுவந்தார். திரை தைக்கும் வேலையையும் அவள் தலையிலேயே கட்டினார்.

தொட்டிமேல் அவளுக்கு ஏன் இத்தனை பாசம் என்பது கட்டிய கணவருக்கே தெரியாது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளை உடுப்பு எடுக்க வக்கில்லாத வருடம், கோவிலிலிருந்து தைக்க வந்த பீடத்துணியில் ஒரு துண்டை வெட்டி உடுப்பாக்கிவிட்டாள். மனசு அரித்தது. தொட்டியருகே முழங்காலிட்டு, மூக்கைப் பிடித்துக் குரலை மாற்றி, "கோவில் பொருளத் திருடிட்டேன் சாமி" என்று மட்டும் அப்போதிருந்த பெரிய சாமியாரிடம் சொன்னாள். புதுநன்மையன்று அவர் மகளின் தலையைத் தொட்டு, "உடுப்பு ரொம்ப அழகா இருக்கே" என்றார். மறுவாரமும் அவரிடமிருந்து தைக்கத் துணிக்கட்டு வந்தது, வழக்கம்போல அளந்துகூடப் பார்க்காமல். அவர் சாகும்வரை வந்துகொண்டே இருந்தது. சாமியார் காதிலேயே பூச்சுற்றிய கெட்டிக்காரி என்று அவள் தனக்குள் சிரித்துக்கொள்வாள்.

இப்போது திரைக்கு அளவெடுக்க வந்தவளுக்கு ஓர் ஆசை. உள்ளே உட்கார்ந்தால் எப்படித்தான் இருக்கும்? கோவிலில் வேறு யாருமில்லை. மெல்ல உட்கார்ந்தாள். டேப் பிடிக்க வந்த கணவரை வெளியே முழங்காலிடச் சொன்னாள்.

"ஒரே இருட்டா இருக்கு. உள்ள இருக்கியா, போயிட்டியா?" என்றார் அவர்.

அவள் பலகைத் துளை வழியே பார்த்தாள். ஜன்னல் வெளிச்சம் அவர் முகத்தில் பளிச்சென்று விழுந்திருந்தது. வழுக்கை, கன்னத்து மரு, காலையில் சவரத்துக்குத் தப்பிய நாலு முடிகூடத் தெரிந்தது.

அப்படியானால் மூக்கைப் பிடித்த கோலத்தையும் பெரிய சாமியார் பார்த்திருக்கிறார். முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு துணிக்கட்டுகள் ஞாபகத்துக்கு வந்தன. திருடி என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார்! ஒரு சொல்லில், ஒரு பார்வையில்கூடக் காட்டிக்கொள்ளவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த மனிதர்மேல் பொங்கிவந்த அன்பில் கண்ணும் நிறைந்தது; மூக்கை உறிஞ்சினாள்.

"என்ன, அழுவுறியா?"

"எந்திரிச்சு இப்படி முன்னாடி வாங்க," என்றாள். "உங்க முகத்தப் பாத்து ஒண்ணு சொல்லணும்."