ஐரின் அக்கா பாண்டிச்சேரி பார்த்த நாள்

சாந்தோமில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியைகளுக்கு லஸ் மூலையைவிட சைகோன் நன்றாகத் தெரியும். அதற்குக் காரணம் தையல் டீச்சர் ஐரின் அக்கா. அவள் புருஷன் ஸ்தனிஸ்லாஸ் முப்பத்தெட்டாம் வருஷம் ஜனவரியில் குமாஸ்தா வேலைக்கென்று சைகோனுக்குப் போனான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. அங்கிருந்து அவன் எழுதிய கடிதங்கள் இருபத்து மூன்று. அத்தனையும் அக்காவுக்கு மனப்பாடம். மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிடுவாள்.

"சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கடலோரம் நடப்பாராம். இரும்புப் பாலம் ஒண்ணு கடலுக்குள்ளே நீளமா போகுதாம். அங்கேருந்து தெற்கே நடந்தா ஒரு கோவில். கோவிலுக்கு எதிரே இரும்புச் சட்டை போட்ட பொண்ணோட சிலை, கையிலே கொடி."

"சம்பளத்துக்குப் போனாரா, தெரு அளக்கப் போனாரா உங்க வீட்டுக்காரர்?" என்று நான் கேட்பேன். என் பெயர் டோரதி, பூகோள டீச்சர், வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள். அக்கா கோபித்துக்கொள்ளமாட்டாள். தெரு மட்டுமாவது தனக்குக் கிடைத்ததே என்பதுபோலச் சிரிப்பாள்.

கடிதங்களில் பிரெஞ்சிந்தியாவின் தபால்தலைதான் ஒட்டியிருக்கும். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. சைகோனில் ஆள் இருந்த குடும்பங்களில் அது வழக்கம்தான். கப்பலில் ஊர் திரும்புகிறவர் யாரிடமாவது கடிதத்தைக் கொடுத்தனுப்புவார்கள். அவர் பாண்டிச்சேரியில் இறங்கி அங்கேயே தபாலில் போட்டுவிடுவார்.

நாற்பதாம் வருஷம் ஜூலையில் கடைசிக் கடிதம் வந்தது. யுத்தத்தால் கப்பல் நின்றுபோகும், கடிதம் வராவிட்டால் பயப்படாதே என்று எழுதியிருந்தான். அதன்பின் ஆறு வருஷம் ஒரு வரி இல்லை. நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் வருகிறான் என்று பாதி மயிலாப்பூர் மூட்டை கட்டிக்கொண்டு ஓடியபோது அக்கா நகரவில்லை. தபால்காரன் வந்து பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விட்டால் என்ன செய்வது என்றாள். மாமியார் தங்கபுஷ்பமும் அவளோடு இருந்தாள். கிழவி சாயங்காலமானால் மெழுகுவர்த்தி கொளுத்தி வைத்துக்கொண்டு, "எம் புள்ள எங்க கீறானோ, துன்னானோ துன்னலையோ" என்று ஆரம்பிப்பாள். அது தூங்கும்வரை ஓயாது.

எல்லாவற்றையும்விட அக்காவை வாட்டியது நவம்பர் மாதம். நவம்பர் இரண்டாம் தேதி எங்கள் கோவிலில் இறந்தவர்களுக்காகப் பூசை நடக்கும். அவரவர் வீட்டில் செத்துப்போனவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிக் கொடுத்தால் சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். எங்கள் தெருவின் சீட்டை எழுதுவது நான். கையெழுத்து அழகாக இருக்குமாம். வருஷா வருஷம் அக்கா வீட்டு வாசலில் நின்று, "எழுதட்டுமாக்கா?" என்று கேட்பேன்.

"இந்த வருஷம் வேணாம் டோரதி."

அவளுடைய சங்கடம் எனக்குப் புரியும். அவன் செத்திருந்தால் உத்தரிக்கிற ஸ்தலத்தில் வெந்துகொண்டிருப்பான், பெண்டாட்டி ஒரு பூசைகூட வைக்கவில்லை. உயிரோடு இருந்தால், இருக்கிறவனுக்குச் செத்தவர்களின் பூசை வைப்பது பெரும் பாவம். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா, வெள்ளைப் புடவை கட்டுவதா வேண்டாமா, எல்லாம் அந்த ஒரு சீட்டில் நின்றது. ஆறு வருஷம் அவள் மனைவியும் இல்லை, விதவையும் இல்லை.

நாற்பத்தாறு தொடக்கத்தில் சைகோனிலிருந்து கப்பல்கள் மறுபடி பாண்டிச்சேரிக்கு வருவதாகத் தெரிந்தது. அங்கே போய் விசாரித்தால் ஏதாவது ஒன்று நிச்சயமாகும் என்றாள் அக்கா. மே மாத லீவில் கிளம்பினோம். எனக்கு விசாரணையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. வெள்ளைக்காரனின் இன்னொரு ஊரைப் பார்த்துவிடலாம் என்ற ஆசை இருந்தது, அதை மறைப்பானேன்! விழுப்புரத்தில் ரயில் மாறி, எல்லையில் சுங்கக்காரனிடம் பையைக் கொட்டிக் காட்டிவிட்டு, காலையில் போய் இறங்கினோம்.

கப்பல் கம்பெனி அலுவலகத்தில் ஒரு குமாஸ்தா ஸ்தனிஸ்லாஸின் பெயரை எழுதிக்கொண்டார். கப்பலேறினவர்களின் பதிவேடு பார்ப்பவர் நாலு மணிக்குத்தான் வருவார் என்றார். அதற்கு முழுசாக ஐந்து மணி நேரம் இருந்தது.

"வாங்கக்கா, ஊர் பார்க்கலாம்" என்றேன்.

நடந்தோம். சிவப்புக் குல்லாய் போலீஸ்காரன், மூலைக்கு மூலை பிரெஞ்சில் பெயர் எழுதிய நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்மேல் வழிந்த காகிதப்பூ. ஆளைப் பின்னால் நின்று தள்ளிக்கொண்டு போகும் புஷ்வண்டியைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். ஊர் எனக்குப் பிடித்திருந்தது. அப்படியே கடற்கரைக்கு வந்தோம்.

கடலுக்குள் ஓர் இரும்புப் பாலம் நீண்டிருந்தது.

அக்கா அதைப் பார்த்தாள். பிறகு தெற்கே நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். ஒரு திருப்பத்தில் கடலைப் பார்த்த கோவில். அதற்கு எதிரே இரும்புச் சட்டை போட்ட பெண், கையில் கொடி.

சொல்லவேண்டியதை இங்கே சொல்லிவிடுகிறேன். சைகோன் கடலோரத்தில் இல்லை, ஆற்றங்கரையில் இருக்கிறது. நாற்பத்து மூன்றில் வகுப்புக்குப் படம் வரைந்தபோதே நான் அதைக் கவனித்தேன். 'ஆற்றைத்தான் கடலென்று அளந்திருக்கிறான், கடிதம் எழுதுகிறவர்கள் அளக்காமல் இருப்பார்களா' என்று விட்டுவிட்டேன். ஊரெல்லாம் வம்பு பேசும் வாய் அன்றைக்குப் பார்த்து மூடிக்கொண்டது. அதற்காக என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

"அக்கா, எங்கே போறீங்க?"

"கோவில்லேருந்து மேற்கே. ரொட்டிக் கடை வரும். வாசனை வருதா பாரு."

வந்தது. அதன்பின் அவள் ஒருவரையும் வழி கேட்கவில்லை. சிங்க முகம் வைத்த இரும்புக் கதவு. அதைத் தாண்டி இடதுகைப் பக்கம். வாய்க்கால். வாய்க்காலின் குறுக்கே சின்னப் பாலம். பாலம் தாண்டி இரண்டாவது வீடு, பச்சை ஜன்னல். பதினேழாம் கடிதத்தில் அந்த ஜன்னல் வருகிறது. 'இதன் அருகே உட்கார்ந்துதான் உனக்கு எழுதுகிறேன்' என்று எழுதியிருந்தான். பாவி, அந்த ஒன்றிலாவது பொய் சொல்லவில்லை.

ஜன்னலில் ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"இது யாரு வீடும்மா?" என்று அக்கா கேட்டாள்.

"மிசே ஸ்தனிஸ்லாஸ் வீடு" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னது குழந்தை. "அப்பா ஆபீசுக்குப் போயிருக்காங்க. அஞ்சு மணிக்கு வருவாங்க."

உள்ளேயிருந்து ஒருத்தி வந்தாள். நல்ல முகம். அவள் கழுத்திலும் சிலுவை கோத்த தாலி இருந்தது. அவளுக்குப் பின்னால், சுவரில், கல்யாணப் படம் மாட்டியிருந்தது. கோட்டுப் போட்டு, காது இரண்டும் விரிந்து, ஸ்தனிஸ்லாஸ்.

அவன் கப்பலே ஏறவில்லை. இருநூறு மைல்கூட இல்லாத ஊரில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு, நடந்துபோகும் தெருவையெல்லாம் சைகோன் என்று எழுதித் தபாலில் போட்டிருக்கிறான். யுத்தம் வந்ததும் அந்தச் சிரமமும் விட்டது.

"யாரு வேணுங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"யாரும் வேணாம்மா" என்றாள் அக்கா. "ஊர் பாக்க வந்தோம். வழி தப்பிட்டோம்."

"அடடா, இந்த வெயில்லே!" என்று அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். அக்கா வாங்கிக் குடித்தாள். செம்பைத் திருப்பிக் கொடுத்தாள்.

வாய்க்கால் பாலத்துக்கு வந்ததும் நான் பொறுக்கமாட்டாமல், "அஞ்சு மணி வரைக்கும் நிப்போம். அவன் மூஞ்சியிலே நாலு கேள்வி கேக்காம நான் ரயில் ஏறமாட்டேன்" என்று கத்தினேன்.

"வேணாம் டோரதி."

"ஏங்கா?"

"நான் கண்ணாலே பாத்துட்டேன்னா அவரு உயிரோட இருக்காருன்னு ஆயிடும்."

நாலு மணிக்கு அந்த அலுவலகத்துக்கு நாங்கள் போகவில்லை.

சாந்தோமில் வாசல் ஏறும் முன்பே கிழவி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் புள்ள இன்னா ஆனான்? சொல்லேம்மா!"

"சைகோன்லே குண்டு போட்டாங்களாம் அத்தே" என்றாள் அக்கா. நான் பக்கத்தில் நின்றேன். கிழவி மார்பில் அடித்துக்கொண்டு அழுத அழுகை நாலு வீடு தாண்டிக் கேட்டது. அக்கா அன்றே தாலியைக் கழற்றி மாதா படத்துக்கு முன்னால் வைத்தாள்.

அந்த நவம்பரில் வழக்கம்போலச் சீட்டோடு போய் நின்றேன். நான் கேட்கவில்லை.

"எழுது" என்றாள்.

"அக்கா, பாவம்."

"தெரியும். எழுது."

எழுதினேன். என் அழகான கையெழுத்தில், ஸ்தனிஸ்லாஸ் என்று. சாமியார் வாசித்தார். ஒரு ஜன்னலடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தவனின் ஆத்துமத்துக்காகச் சாந்தோமே முழங்காலில் நின்று வேண்டியது.

கிழவி மறு வருஷம் போய்விட்டாள். மோட்சத்தில் பிள்ளையைப் பார்க்கப்போகிறேன் என்று சந்தோஷமாகவே போனாள். அங்கே போய்த் தேடியிருப்பாள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சோறு இறங்குவதில்லை.

ஐரின் அக்காவுக்கு மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வழி இல்லை. கடவுள் முன்னிலையில் அவள் இன்னும் அவன் மனைவிதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்புக் கேட்கவும் வழி இல்லை. சொன்னால் இனி அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது என்பார் சாமியார். நிறுத்தினால் ஊர் கேட்கும். ஆகவே வெள்ளைப் புடவையோடு பூசைக்கு வருகிறாள், சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போவதில்லை, தீராத பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் தூக்கைத் திறந்து சாப்பிடுகிறாள். எந்த ஊர்த் தெருவைப் பற்றியும் பேசுவதில்லை.

இது நாற்பத்தொன்பதாம் வருஷம். போன வாரமும் சீட்டு எழுதினேன், நாலாவது தடவை. எழுதியவள் நான் என்பதால் நானும் நன்மை வாங்குவதில்லை. வரிசையில் எல்லாரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே முழங்காலை ஒதுக்கி அவர்களுக்கு வழிவிடுகிறோம்.